ஏற்ற வேளையில் ஆகாரம்



கேரீத் ஆற்றண்டையில் எலியா மறைந்திருந்த நாட்களில், காகங்கள் அவனுக்குக் காலையும் மாலையும் ஆகாரம் சுமந்துவந்தன (1 இராஜாக்கள் 17). தேவன் ஆகாரத்தை மாத்திரமல்ல, அதற்குரிய வேளையையும் நியமித்தார்.

சிருஷ்டிகளின் சரீரத்துக்குள்ளும் அவர் கடிகாரங்களை வைத்திருக்கிறார். மூளையிலுள்ளது வெளிச்சத்தைக் கண்டு நடக்கிறது. ஈரல் முதலிய உறுப்புகளில் உள்ளவையோ உண்ணும் வேளைக்கு இசைந்து திரும்புகின்றன. இரவில் இரைதேடும் சுண்டெலிகளுக்குப் பகலில் மாத்திரம் தீனி கொடுத்தபோது, ஈரலின் கடிகாரம் தலைகீழாயிற்று; மூளையின் கடிகாரமோ அசையவில்லை. ஜெனீவா ஆய்வாளர்கள் இதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரே வீட்டில் இரு கடிகாரங்கள் இரு வேறு மணி காட்டினால் அவ்வீடு எப்படி ஒழுங்காய் நடக்கும்?

ஒடிசாவில் பிறந்த சச்சிதானந்த பாண்டாவின் குழுவினர், 2012-ல் அமெரிக்காவின் சால்க் நிலையத்திலிருந்து மற்றொன்றை அறிவித்தார்கள். கொழுப்பு மிகுந்த தீனியை இரவில் 8 மணி நேரத்துக்குள் தின்ற எலிகள், அதே அளவை இரவும் பகலும் கொறித்த எலிகளைப்போல் பருக்கவில்லை.

மனுஷ சரீரம் எலியின் சரீரமல்ல. ஆயினும் நமக்கு இதில் எச்சரிப்புண்டு. மயூர் விஹாரிலிருந்து நொய்டாவுக்கு இரவுப் பணிக்குச் செல்லுகிறவர்கள் நம்மில் உண்டு. பிழைப்பை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. பணியிலிருப்பவர் வரப் பிந்தினால், பிள்ளைகளைக் காக்கவைக்காமல் போஷியுங்கள். நள்ளிரவுத் தீனியைக் குறையுங்கள். நாளில் ஒருவேளையாகிலும் குடும்பமாய் அமர்ந்து, ஜெபித்து உண்ணுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்ளுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டே வேளையை மாற்றுங்கள்.

தலைவர்கள் உரிய நேரத்தில் உண்பதைத் தேசத்தின் பாக்கியமாகவே பிரசங்கி 10:17 எண்ணுகிறது. அந்தப் பாக்கியம் உங்கள் வீட்டிலும் தங்குவதாக. ஆமென்.