வாஸ்து பார்த்தாச்சு, வீட்டைப் பார்த்தீர்களா?

அறுபது லட்சம் கொடுத்து ஒரு பழைய ஃப்ளாட் வாங்கப் போகிறீர்கள். என்னென்ன செய்வீர்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள். தாய்ப் பத்திரம் முதல் சொத்து வரி ரசீது வரை ஜெராக்ஸ் எடுத்து, வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குவீர்கள். வாஸ்து நிபுணரை வண்டி வைத்து அழைத்து வருவீர்கள். அவர் காம்பஸும் கையுமாக நாலு ரூமும் நடந்து, ‘ஈசானியத்துல டாய்லெட் வந்திருக்கே’ என்று உச்சுக் கொட்டுவார். தட்சணை கொடுத்து அனுப்புவீர்கள்.

ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூட்டிப்போய், ‘இந்தக் கட்டடம் எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லுங்க’ என்று கேட்பீர்களா? மாட்டீர்கள். ‘அதான் புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்களே சார்!’

அந்தப் புது பெயின்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விற்பதற்கு ஒரு மாதம் முன்பு ஒருவர் எதற்காக சீலிங்குக்கு பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கிறார்? உங்கள் மேல் உள்ள பாசத்திலா? மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து இறங்கிய ஈரம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். வெடிப்பு வழியாக இன்னும் ஈரம், இன்னும் துரு. இந்த வியாதிக்கு பெயின்ட், புண்ணுக்கு பவுடர் போட்ட மாதிரி.

‘பேங்க்லேருந்து வேல்யூவர் வந்து பார்த்தாரே?’ பார்த்தார். பேங்குக்காகப் பார்த்தார். நீங்கள் தவணை கட்டாமல் போனால் இதை விற்றுக் கடனை எடுக்க முடியுமா என்பதுதான் அவருக்குக் கொடுத்த கேள்வி. ‘அரசாங்கம் பதிவு பண்ணுதே?’ பழைய ஃப்ளாட் என்றால் 7 சதவிகிதம் முத்திரைத் தீர்வை, 2 சதவிகிதம் பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்யும். கட்டடத்தைப் பார்க்க ஆள் வந்தாலும், மதிப்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறீர்களா என்று பார்க்கத்தான் வருவார். உங்கள் தூண் அவர் கவலை இல்லை.

‘சி.எம்.டி.ஏ. அப்ரூவல் இருக்கு சார்!’ மௌலிவாக்கத்திலும் இருந்தது. 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருக்கும்போதே 11 மாடியும் சரிந்து 61 பேர் செத்தார்கள். பக்கத்திலிருந்த இன்னொரு டவரை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். குருகிராமில் 2022 பிப்ரவரியில், மக்கள் குடியிருந்த ஒரு பெரிய அடுக்குமாடியில் ஆறாவது மாடித் தளம் ஒன்று இடிந்து, முதல் மாடி வரை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. இரண்டு பெண்கள் பலி. ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி., கான்கிரீட்டில் குளோரைடு அதிகம், உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்றது. அங்கேயும் எல்லோரிடமும் பத்திரம் பத்திரமாகத்தான் இருந்தது.

சரி, சட்டம் காப்பாற்றாதா? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55, தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு கொக்கி. வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியாத குறையைத்தான் சொல்ல வேண்டும். அதாவது, கண்ணுக்குத் தெரியும் ஈரத்தைப் பார்க்காமல் விட்டது உங்கள் பாடு. புது ஃப்ளாட்டுக்கு ரெரா சட்டம் உண்டு: சாவி கொடுத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். குறை இருப்பதே தெரியாதவர் எதைச் சொல்வார்? ஐந்தாம் வருஷம் முடிவதற்குள் கட்டடத்தை ஒருமுறை பரிசோதிக்கும் அசோசியேஷன்கள் எத்தனை? கோலப் போட்டிக்கு மட்டும் கமிட்டி இருக்கிறது.

பரிசோதனை ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. தட்டினால் டைல்ஸ் ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கொடுக்கும். ஈரத்தை அளக்க மீட்டர் இருக்கிறது. கான்கிரீட்டின் மேற்பரப்பு எவ்வளவு கெட்டி என்று பார்க்க ஒரு சுத்தியல் கருவி இருக்கிறது. கொஞ்சம் கொத்தி பினாஃப்தலீன் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் கான்கிரீட் ரோஸ் நிறமாகும். நிறம் மாறாவிட்டால் கம்பிக்குக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். ப்ரோக்கருக்கு ஒரு சதவிகிதம் என்றாலே 60 ஆயிரம் கொடுக்கிறீர்கள். அனுபவமுள்ள இன்ஜினீயர் ஒரு நாள் வந்து பார்க்க அவ்வளவு கேட்க மாட்டார்.

‘அந்த இன்ஜினீயரையே விலைக்கு வாங்கிட்டா?’ நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வீட்டுப் பரிசோதகருக்கு உரிமம் வேண்டும். இங்கே அப்படி ஒரு தனி உரிமம் கிடையாது, விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். அதனால் ப்ரோக்கரோ பில்டரோ காட்டும் ஆள் வேண்டாம். நீங்களே தேடுங்கள், நீங்களே ஃபீஸ் கொடுங்கள், போட்டோவோடு எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். ரிப்பேர் வேலையையும் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். விற்பவர் பார்க்க விடவில்லையா? வேறு வீடு பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள், கொடுத்த பிறகு உங்கள் குரல் இறங்கிவிடும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. மும்பையில் 30 வயது தாண்டிய கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை சட்டப்படி கட்டாயம். சென்னையில் அதே வயதுக் கட்டடங்கள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன, மொட்டைமாடியில் செல்போன் டவரையும் சுமந்துகொண்டு. இங்கேயும் அதைக் கட்டாயமாக்குங்கள். பரிசோதகருக்கு உரிமம் கொடுங்கள், தப்பான ரிப்போர்ட் கொடுத்தால் பிடுங்குங்கள். பழைய வீட்டுப் பத்திரத்தோடு ரிப்போர்ட்டையும் இணைக்கச் சொல்லுங்கள்.

அதுவரை நீங்கள்தான் உங்களுக்குக் காவல். ஈசானிய மூலை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். தலைக்கு மேல் இருக்கும் தளம் அங்கேயே இருக்குமா என்று முதலில் கேளுங்கள்.