கொப்பி பண்ணுறது வேற, காப்பாத்துறது வேற

“பைல் வந்திட்டுதுதானே, பிறகென்ன?” ஆவணப்படுத்தல் வேலையில் இறங்கும் நண்பர்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கிற வசனம் இது. இந்த வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

பைல் என்பது உள்ளே கிடக்கும் எழுத்தோ குரலோ மட்டுமில்லை. கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, யாருக்குச் சொந்தம், யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்பதும் சேர்ந்ததுதான் பைல். கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தபால் முத்திரை குத்திய உறையைக் குப்பையில் போடுகிறவரைக் காப்பாளர் எண்டு சொல்லுவோமா?

நாங்கள் எழுதும் ஸ்கிரிப்டுகளோ பெரும்பாலும் உறையைத்தான் எறிகின்றன. லினக்ஸில் வெறும் ‘சீபீ’ கட்டளை கொடுத்தால், 2009இல் தட்டச்சிய ஊர்ச் சங்கக் குறிப்புக்கும் இன்றைய திகதிதான் விழும். பைதனில் ‘கொப்பிபைல்’ உள்ளடக்கத்தை மட்டும் எடுக்கும்; ‘கொப்பி’ அனுமதிகளையும் எடுக்கும்; ‘கொப்பி2’தான் நேரத்தையும் கொண்டுவரப் பார்க்கும். வித்தியாசம் ஒரேயொரு இலக்கம்! ‘சீபீ’க்கு ‘ஹைபன் பீ’, ‘ஆர்சிங்க்’குக்கு ‘ஹைபன் ஏ’ போட்டால் வேலை முடிந்தது. விண்டோஸின் ‘ரோபோகொப்பி’ பைல்களின் நேரத்தைத் தானாகவே காக்கும். போல்டர்களின் நேரத்தை நீங்கள் கேட்டால்தான் காக்கும்.

“போட்டோவுக்குள்ளேயே திகதி இருக்கே” என்பார்கள். கமரா எடுத்த படத்துக்குச் சரி. அம்மம்மாவின் கதையைக் கேட்டு எழுதிய வெறும் டெக்ஸ்ட் பைலுக்கு? அதன் காலத்தைச் சொல்ல வெளியே ஒட்டியிருக்கும் நேரத்தை விட்டால் வேறொன்றும் இல்லாமல் போகலாம்.

“திகதியை யாரும் மாத்தலாமே, அதெல்லாம் ஒரு சாட்சியா?” இது நியாயமான கேள்வி. ‘டச்’ எண்ட ஒரு கட்டளை போதும், மாற்றிவிடலாம். அது தனியே நின்று எதையும் நிரூபிக்காது. ஆனால் மற்றத் தடயங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆயிரம் பைல்களும் ஒரே பின்னேரம் பிறந்ததுபோல் கிடந்தால், எது முந்தியது, எது பிறகு திருத்தியது எண்டு எதை வைத்துக் கேட்பது?

கட்டளை சரியாக இருந்தாலே போதும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. எப்ஏடி32 பென்ட்ரைவில் உரிமையாளரின் பெயரை எழுத இடமே இல்லை. லினக்ஸில் இன்னொருவரின் உரிமையை அப்படியே வைக்க ‘ரூட்’ அதிகாரம் வேண்டும். ‘கொப்பி2’கூட எல்லாத் தகவலையும் கொண்டுவராது என்று பைதன் கையேடே எச்சரிக்கிறது.

அதனால்தான் மூன்று விடயங்களைக் கேட்கிறோம். கொப்பி பண்ண முதல் பெயர், நேரம், செக்சம் மூன்றையும் ஒரு பட்டியலாக எடுத்து வையுங்கள். பென்ட்ரைவில் கொண்டுபோவதென்றால் ‘டார்’ போட்டுக் கட்டிக் கொண்டுபோங்கள். முடிந்தபின் பட்டியலோடு ஒப்பிடாமல் மூலத்தை அழிக்காதீர்கள்.

ஆவணப்படுத்தல் பட்டறை நடத்துகிறவர்களே, ஸ்கேனர் பிடிக்கப் பழக்குவதோடு இதையும் பழக்குங்கள். பத்து நிமிடம் போதும். அழிந்த திகதியைப் பிறகு எந்த ஸ்கிரிப்டும் ஊகித்துத் தராது.