பட்டத்துக்குப் பின்னர் என்ன? வாவிக்கரை கேட்க வேண்டிய கேள்வி

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் மட்டக்களப்பு, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என வாவியைச் சூழ்ந்த ஊர்களெங்கும் பாராட்டுப் பதாகைகள் எழுகின்றன. மருத்துவத்துக்கு எத்தனை பேர், பொறியியலுக்கு எத்தனை பேர் என்பது பாடசாலைகளின் பெருமையாகவும் ஊரின் பெருமையாகவும் பேசப்படுகிறது. அவ்வாறு சென்றவர்கள் பத்து ஆண்டுகளின் பின்னர் எங்கே இருக்கிறார்கள், என்ன தொழில் புரிகிறார்கள், என்ன வேதனம் பெறுகிறார்கள் என்ற கணக்கை மட்டும் எவரும் எடுப்பதில்லை. பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தோரை எண்ணுகின்ற சமூகம், அங்கிருந்து வெளியேறியோரை எண்ண மறந்துவிடுகிறது.

இக்கணக்கு ஏன் முக்கியமானது? இலங்கையில் பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 சதவீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதமானோர் மாவட்ட ஒதுக்கீட்டின் கீழும், எஞ்சிய 5 சதவீதமானோர் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீட்டின் கீழும் தெரிவு செய்யப்படுகின்றனர். பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களில் மட்டக்களப்பும் அம்பாறையும் அடங்குகின்றன. வசதி குறைந்த பாடசாலையில் கற்ற மாணவருக்கு நியாயம் வழங்குவது இவ்வேற்பாட்டின் முதல் நோக்கம். அவ்வாறு உருவாகும் வைத்தியரும் பொறியியலாளரும் அம்மாவட்டங்களின் பின்தங்கிய நிலையையும் மாற்றுவார்கள் என்பது அதனோடு சேர்ந்தே வளர்ந்த எதிர்பார்ப்பு. முதலாவது நோக்கம் ஓரளவு நிறைவேறியிருக்கிறது. இரண்டாவது எதிர்பார்ப்பு கைகூடியதா என்பதே இன்றைய கேள்வி.

நமது பட்டதாரிகள் முன்னே இரண்டு பாதைகள் தெரிகின்றன. பேராதனை, கொழும்பு, மொறட்டுவை ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவமோ பொறியியலோ கற்றவர்களின் பாதை கொழும்பு வழியாக வெளிநாடு நோக்கிச் செல்கிறது. மொறட்டுவையில் கற்ற பொறியியலாளருக்குத் தலைநகரின் மென்பொருள் நிறுவனங்கள் வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. அதற்கப்பால் கட்டாரும் அவுஸ்திரேலியாவும் ஐக்கிய இராச்சியமும் உள்ளன. மட்டக்களப்பில் அதே பொறியியலாளருக்குத் திறந்திருப்பவை அரச திணைக்களங்களில் உள்ள சில பதவிகளும் அவ்வப்போது வந்து செல்லும் நிர்மாணத் திட்டங்களுமே.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி இப்பாதையைப் பெருந்தெருவாக்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்தியது. ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் 5 ஆண்டுகள் வரை வெளிநாடு சென்று பணியாற்ற அரசாங்கமே வழிசமைத்தது. அவ்வாண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழில் நிமித்தம் நாட்டை விட்டுச் சென்றனர். 2023 ஜனவரியில் மாதாந்தம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி விதிக்கப்பட்டு, அதன் உச்ச வீதம் 36 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டபோது வைத்தியர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் வீதிக்கு இறங்கினர். 2025 ஏப்ரலில் அந்த எல்லை ஒன்றரை இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆயினும், சென்றவர்கள் திரும்புவதற்கு வரிச்சலுகை ஒன்று மாத்திரம் போதுமானதன்று.

இரண்டாவது பாதை நம் ஊர்களுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பது. 1981 ஓகஸ்டில் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் தரமுயர்த்தப்பட்டது கிழக்குப் பல்கலைக்கழகம். போர்ச் சூழலில் கல்வியைத் தொடர முடியாது தவித்த முஸ்லிம் மாணவர்களின் நிலையை முன்னிறுத்தி, மறைந்த தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உருவானது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இரத்தமும் கண்ணீரும் கலந்த ஒரு காலத்தில் இரு சமூகங்களும் பெற்றெடுத்த செல்வங்கள் இவை. ஆனால் இவற்றின் கலைப்பீடங்களிலிருந்து வெளியேறும் பட்டதாரிகளில் கணிசமானோர் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: அரச நியமனம்.

2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்தி பூங்காவின் முன்பாக வேலையற்ற பட்டதாரிகள் ஆரம்பித்த போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. வெயிலிலும் மழையிலும் அவர்கள் அங்கே இருந்தார்கள். 2020 இல் நாடளாவிய ரீதியில் 50 ஆயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக இணைக்கும் திட்டம் வந்தது. மாதாந்தக் கொடுப்பனவு 20 ஆயிரம் ரூபா. அப்போதைய நாணய மாற்று வீதத்தில் அது 100 டொலரைச் சற்றுத் தாண்டியது. 2022 மே மாதத்தில் அதே தொகையின் பெறுமதி சுமார் 55 டொலர். பதினாறு, பதினேழு ஆண்டுகள் கற்ற ஒருவரின் உழைப்புக்கு நாடு இட்ட விலை அதுவே.

அண்மைக் காலத்தில் அரச துறையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40 ஆயிரம் ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயர்த்தும் தீர்மானம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அரச துறையில் ஏற்கெனவே 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றுகின்றனர். 2023 மார்ச்சில் அனுமதிக்கப்பட்ட சர்வதேச நாணய நிதியத்தின் கடன் உதவித் திட்டமும் செலவினத்தைக் கட்டுப்படுத்தக் கோருகிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஆயிரக்கணக்கில் நியமனக் கடிதம் வழங்கிய காலம் இனித் திரும்புமென நம்பியிருப்பது இளைஞர்களை ஏமாற்றுவதாகும்.

இந்த இரு பாதைகளும் வெவ்வேறானவையாகத் தோன்றினும் அவற்றின் வேர் ஒன்றே. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியின் இரு கரைகளிலும், படித்தவர் ஒருவர் படிப்படியாக உயர்வதற்கான தொழில் ஏணி அரச அலுவலகத்துக்கு வெளியே கிடையாது. படுவான்கரையில் நெல் விளைகிறது. அதற்குப் பெறுமதி சேர்க்கும் தொழிற்சாலைகள் அரிது. வாவியில் மீனும் இறாலும் கிடைக்கின்றன. அவற்றைப் பதப்படுத்திச் சந்தைப்படுத்தும் நிறுவனங்கள் அரிது. வந்தாறுமூலையின் முதல் இரு பீடங்கள் விவசாயமும் விஞ்ஞானமும் என்பதை இங்கு நினைவுகொள்ள வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விவசாயப் பட்டதாரிகளை உருவாக்கிய பிரதேசம், அவர்களுக்கான தொழிலை உருவாக்கவில்லை.

இதன் சுமை பெண்கள் மீதே அதிகம் விழுகிறது. நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் பெண்கள். 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்பில் தனியாகத் தங்கித் தொழில் செய்வது தமிழ்க் குடும்பமாயினும் முஸ்லிம் குடும்பமாயினும் பலருக்கு எளிதன்று. ஆகவே ஊரில் ஆசிரியர் நியமனம் கிடைத்தால் தொழில், கிடைக்காவிட்டால் வீடு என்ற நிலைக்கு அவர்கள் தள்ளப்படுகின்றனர். பெற்ற பட்டம் திருமணப் பேச்சில் ஒரு தகைமையாக மட்டும் முடிந்துபோவது சமூகத்துக்கே இழப்பாகும்.

வெளிநாடு சென்றவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. கடன்பட்டுக் கற்பித்த பெற்றோருக்கும் கரைசேர வேண்டிய சகோதரிகளுக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதேவேளை, சம்பளத்துக்கு அப்பாலும் சிந்தித்த முன்னோர் இம்மண்ணில் நடமாடியதை மறத்தலாகாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அதற்கு முன்னரே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். விபுலானந்தருடன் நட்புக் கொண்டார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948 இல், அந்நாளின் உச்சப் பதவியான சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். இவ்விருவரின் தியாகத்தைப் போற்றுவது எளிது. அவர்கள் தனிமனிதப் பெருமையோடு நில்லாமல் நிறுவனங்களை விட்டுச் சென்றார்கள் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

செய்ய வேண்டியவை பல. முதலாவதாக, நமது இரு பல்கலைக்கழகங்களும் ஒவ்வொரு பீடத்தின் பட்டதாரிகளும் ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் எங்கே, எத்தகைய வேதனத்தில் பணியாற்றுகின்றனர் என்பதைத் தொகுத்து, பெற்றோருக்கு விளங்கும் தமிழில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கற்கைநெறியைத் தெரிவு செய்யும் பத்தொன்பது வயது மாணவருக்கு வெட்டுப்புள்ளி மாத்திரம் வழிகாட்டியாக இருக்க முடியாது. இரண்டாவதாக, ஆங்கிலமும் கணினியும் கலைப்பீடத்தின் ஓரப் பாடங்களாக அன்றி, பட்டத்தின் உடலாகவே அமைய வேண்டும். ஊரில் இருந்தவாறே வெளியூர் நிறுவனத்துக்குப் பணியாற்றும் வாய்ப்பு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதன் வழியாகவே கிட்டும்.

மூன்றாவதாக, புலம்பெயர்ந்த பட்டதாரிகளின் உதவி கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் கட்டடத்துக்கும் மாத்திரம் உரியதாக இருத்தல் ஆகாது. வட்டியற்ற கடனாக வழங்கப்பட்டு, பெற்றவர் தொழில் கிடைத்ததும் திருப்பிச் செலுத்தும் பொது நிதியொன்று இரு சமூகங்களுக்கும் சேர்த்தே உருவாக வேண்டும். அது மாணவரின் கல்விக்கும், தொழில் தொடங்க விழையும் பட்டதாரியின் முதலுக்கும் பயன்பட வேண்டும். வட்டி கூடாதென்பது முஸ்லிம்களின் மார்க்க நெறி. வட்டியின் கொடுமையை நுண்கடன்களால் அறிந்தவர்கள் தமிழ்க் கிராமத்தவர். ஆதலின் இதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

அரசியல்வாதிகளுக்கும் ஒரு வார்த்தை. நியமனக் கடிதங்களின் எண்ணிக்கையை வாக்குறுதியாக அளிப்பதை விடுத்து, அரிசி, பால், மீன் ஆகிய மூன்றிலும் பெறுமதி சேர்க்கும் தொழில்களை இவ்வாவிக்கரைக்குக் கொண்டுவருவதற்கு என்ன செய்வீர்கள் என்பதை மக்கள் முன் வையுங்கள். அடுத்த பெறுபேறு வெளியாகும்போதும் பதாகைகள் எழத்தான் போகின்றன. எழட்டும். அவற்றின் பக்கத்தில், பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அதே பதாகையில் இடம்பெற்றவர்களின் இன்றைய நிலையையும் எழுதி வைக்கும் துணிவு நமது பாடசாலைகளுக்கு வருமாயின், இப்பிரதேசத்தின் கல்வி பற்றிய உண்மையான விவாதம் அன்று தொடங்கும்.