அலுவலகக் கணினியில் வீட்டுப் பேச்சு: முதலாளி எதுவரை பார்க்கலாம்?

வேலை நேரத்தில் சொந்த அரட்டை கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. சம்பளம் வாங்கும் நேரம் ஓர் அமானிதம். ஆனால் அதை மீறுபவரைப் பிடிக்க முதலாளி எதுவரை போகலாம்?

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் விற்பனைப் பொறியாளர் ஒருவர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல நிறுவனம் கேட்டபடி யாஹூ மெசஞ்சர் கணக்கு தொடங்கினார். 2007 ஜூலை 5 முதல் 13 வரை நிறுவனம் அதைக் கண்காணித்தது. விசாரித்தபோது, அலுவலகப் பேச்சு மட்டுமே என்றார். உடனே 45 பக்க அச்சுப் பிரதியை அவர் முன் வைத்தார்கள். சகோதரருடனும் திருமணம் பேசியிருந்த பெண்ணுடனும் பேசியவை, உடல்நலம், அந்தரங்கம் எல்லாம் அதில் இருந்தன. அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து சென்ற ஐந்து செய்திகளும் கூட! ஆகஸ்ட் 1 அன்று வேலை போனது.

அவர் சொன்னது பொய்தான்; தடை இருப்பதும் அவருக்குத் தெரியும். ருமேனிய நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கமே நின்றன. 2016 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவ்வாறே கூறியது. 2017 செப்டம்பர் 5 அன்று அதன் பேரமர்வு 11-க்கு 6 என்ற கணக்கில் அதை மாற்றியது. கண்காணிப்பே கூடாது என்று அது சொல்லவில்லை. செய்தியின் உள்ளடக்கத்தையே படிப்போம் என்று முன்கூட்டிச் சொன்னார்களா, அதற்குத் தக்க காரணம் இருந்ததா, இதைவிடக் குறைந்த தலையீட்டில் முடிந்திருக்காதா என்பதை ருமேனிய நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்றது. பத்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் அவருக்குக் கிடைத்தது வழக்குச் செலவு 1,365 யூரோ மட்டுமே.

நம்மை உறுத்துவது வேறொன்று. அந்தப் பெண் எந்த நிறுவன விதிக்கும் கையெழுத்திடவில்லை. அவருடைய அந்தரங்கத்தையும் அந்நியர்கள் படித்தார்கள். யாருடன், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதே தவறை நிரூபிக்கப் போதுமானதாக இருக்க, 45 பக்கம் எதற்கு?

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. ஆனால் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் சம்மதமின்றியே தரவைக் கையாள இடம் தருகிறது. அலுவலக மடிக்கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருக்கும் நம் பிள்ளைகள் இதை அறிவார்களா? வாப்பாவின் மருத்துவ அறிக்கையும் மனைவியின் குரல்பதிவும் அதில்தான் வருகின்றன. பணியில் சேரும்போது கையெழுத்திட்ட தாள்களில் கண்காணிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இந்த வாரமே எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பேச்சு சொந்தக் கைப்பேசியில், இடைவேளையில் இருக்கட்டும்.