கோற்பந்துக் கூடத்திற்கு ஆள் வருவது எவ்வாறு?

சென்ற திங்கள் நம் இதழன்பர் ஒருவர் விடுத்த மடல் எம்மை இரண்டு நாள் எண்ண வைத்தது. அவருடைய மகன் கடன் வாங்கி, தம் ஊர்க் கடைத்தெருவின் மாடியொன்றில் பூல் மேசை மூன்றும் சுனூக்கர் மேசை ஒன்றும் இட்டுக் கூடம் தொடங்கியிருக்கின்றான். ஆறு திங்கள் கழிந்தன. மாலையில் ஐந்தாறு இளைஞர் வருகின்றனர். பகலெல்லாம் மேசைகள் உறை போர்த்துக் கிடக்கின்றன. விளம்பரத்திற்கென்று செலவிட்டதெல்லாம் வீணாயிற்று, இனி என் செய்வது என்பது அவர் வினா. மொழிக்கும் இனத்திற்கும் உழைக்கும் தாளிகை மேசைப்பந்து வணிகத்தைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். கடன்பட்ட தமிழிளைஞன் ஒருவன் கடையை இழுத்து மூடுவது நமக்குத் தொடர்பற்றதெனின், நாம் பேசும் இனநலம் யாருடைய நலம் என்பதை அவர்களே விளக்குவாராக!

அன்பர் தம் மடலுடன் கூடத்தின் முகப்புப் படமொன்றையும் இணைத்திருந்தார். விடை அப்படத்திலேயே இருந்தது. பெயர்ப்பலகையில் ஓரெழுத்துத் தமிழில்லை. ஆங்கிலத்தில், அதுவும் வளைந்து நெளிந்த எழுத்தில், ஏதோ ஒரு பெயர். அதனருகே மண்டையோடு ஒன்றும் தீக்கொழுந்தும். பலகணிகள் முழுவதும் கருந்தாள் ஒட்டி மூடப்பட்டுள்ளன. படிக்கட்டில் விளக்கில்லை. கீழே பால்கடை, தையற்கடை, மருந்துக்கடை. அத்தெரு வழியே நூற்பாலைத் தொழிலாளி போகின்றார். கல்லூரி மாணவன் போகின்றான். பிள்ளையைக் கைப்பிடித்துத் தாயொருத்தி போகின்றாள். மேலே என்ன நடக்கின்றது என்பதை இவர்களுள் எவரும் அறியார். அறியாதார் நல்லதை எண்ணார். குடியென்றோ சூதென்றோ தான் எண்ணுவர்.

அவ்வாறு எண்ணுவதற்கு வரலாறும் ஒரு கரணியம். பூல் என்னும் ஆங்கிலச் சொல் இங்குக் குறித்தது, பலர் சேர்ந்து போடும் பந்தயத் தொகையை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்திற்குப் பணம் கட்டும் இடங்களைப் பூல் அறைகள் என்றனர். அடுத்த ஓட்டம் வரும்வரை காத்திருப்போர் பொழுது போக்க அங்கே மேசைகளைப் போட்டனர். பந்தயத்தின் பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. பந்தயத்தின் இழிபெயரும் உடன் ஒட்டிக்கொண்டது. நம் திரைப்படக்காரர்களோ, தீயவன் ஒருவனைக் காட்ட வேண்டுமெனில் புகை மண்டிய அறையில் அவன் கையில் ஒரு கோலைக் கொடுத்துவிடுவர். எனவே, கூடம் நடத்துவோன் செய்ய வேண்டிய முதல் விளம்பரம் அச்சத்தை நீக்குவது. மற்றவையெல்லாம் அதன் பின்னரே.

கருந்தாளைக் கிழித்தெறிக! பச்சைத் துணி விரித்த மேசையும் அதன்மேல் தொங்கும் விளக்கும் தெருவிலிருந்து தெரியட்டும். அதைவிட ஈர்க்கும் சுவரொட்டியை எந்த அச்சகமும் அச்சிட்டுத் தரவியலாது. படிக்கட்டின் தொடக்கத்தில், வெள்ளைப் பலகையில் நான்கு வரி எழுதி வைக்கலாம்: மணிக்கு இவ்வளவு கட்டணம், பணம் வைத்து ஆடுதல் கூடாது, புகைத்தல் கூடாது, பள்ளி நேரத்தில் சீருடையுடன் வருவோர்க்கு இடமில்லை. இவற்றுள் இரண்டு, சட்டமே சொல்வன. சூதாட்டக் கூடம் நடத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1930 முதலே உண்டு. பொதுவிடங்களில் புகைப்பதற்குத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் செயலில் உள்ளது. பள்ளிச் சிறுவனைத் திருப்பியனுப்பும் அந்நான்காம் வரி வருவாயைக் குறைக்குமே என அன்பர் மகன் கவலையுறலாம். பகலில் அவ்வரியைப் படித்துச் செல்லும் தந்தை, மாலையில் மகன் கேட்கும்போது 'போய் வா' என்பார். தோற்றவன் மேசைக்கட்டணம் முழுதும் கொடுப்பது என்னும் வழக்கம் பல கூடங்களில் உண்டு. சிறிய செய்திதான், ஆயினும் பந்தயம் நுழையும் வாயில் அதுவே. கட்டணத்தை ஆடுவோர் பகிர்ந்து கொடுப்பதே நன்று.

இனிப் பெயர்ப்பலகைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் தொடர்பான 1948ஆம் ஆண்டு விதிகளின்படி, பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும். பிறமொழிகள் இடம்பெறின் அவை தமிழுக்குக் கீழேதான் இருத்தல் வேண்டும். தமிழே மிகுதியான இடத்தைப் பெற வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, வணிகக் கணக்கையே பார்ப்போம். பலகை எவர் கண்ணுக்காக? அத்தெருவில் நடப்பவர் கண்ணுக்காக. அவருள் எத்துணைப் பேர் நெளிந்த ஆங்கில எழுத்தை நின்று படிப்பர்? கோற்பந்துக் கூடம் எனப் பெரிய எழுத்தில் எழுதுக. அதென்ன கோற்பந்து என்று வினவுவர். வினவட்டுமே! வினவுபவன் படியேறுகின்றான். அடுத்த வரியில் பூல், சுனூக்கர் எனத் தமிழெழுத்திலேயே சிறிதாய் எழுதிவிட்டால் ஐயம் தீர்ந்தது. அயற்சொல்லை முற்றும் விலக்காததற்காக நம் தோழர் சிலர் எம்மைக் கடிந்துகொள்வர். தேடி வருபவன் எச்சொல்லைக் கொண்டு தேடுகின்றானோ அச்சொல்லை மறைத்துவிட்டு அவன் வரவில்லையே என வருந்துவதில் பயனில்லை.

சுனூக்கர் என்னும் பெயரும் ஒன்றும் வானிலிருந்து இறங்கியதன்று. படைப்பயிற்சிக் கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்த மாணவரை ஆங்கிலேயர் எள்ளி அழைத்த சொல் அது. 1875இல் சபல்பூர்ப் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்னும் படையதிகாரி (பின்னாளில் ஆங்கில நாட்டுத் தலைமையமைச்சராய் இருந்தவர் வேறொருவர்) இவ்வாட்டத்தை வகுத்து, தடுமாறிய தோழர் ஒருவரை அச்சொல்லால் அழைக்க, அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. இதனை அவரே 1938இல் இதழொன்றுக்கு எழுதி நிலைநாட்டினார். நமக்கு இனிக்கும் செய்தி இதன் பின்னது. ஆட்டநெறிகள் ஒழுங்குற எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்ட இடம் நம் நீலமலையின் உதகைக் கழகம். உலகம் முழுதும் ஆடும் ஆட்டத்தின் நெறிகள் தமிழ்நாட்டு மலையூரில் உருப்பெற்றன என்பதைத் தமிழ்நாட்டில் கூடம் வைத்திருப்பவன் தன் சுவரில் எழுதாமல், மண்டையோட்டை வரைந்து வைத்திருக்கின்றானே! அன்று அக்கழக அறைக்குள் நம் மக்கள் ஏவலராகவே நுழைந்திருப்பர். இன்று கடைத்தெரு மாடியில் நூற்பாலைத் தொழிலாளி கோல் பிடிக்கலாம். இவ்விரண்டையும் சேர்த்து நான்கு வரியில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் மாட்டினால், ஏறுபவன் நின்று படிப்பான். இறங்கியபின் பிறர்க்குச் சொல்வான்.

அதனருகே மற்றொரு படமும் வேண்டும். சென்னைப் பெண் அனுபமா இராமச்சந்திரன் 2025இல் தோகா நகரில் நடந்த மகளிர் உலகச் சுனூக்கர்ப் போட்டியில் வாகை சூடினார். காரிக்கிழமை முற்பகல் மகளிர்க்கு மட்டும் என ஒரு பொழுதை ஒதுக்கிப் பார்க்கலாம். முதற்கிழமை ஒருவரும் வாராமற் போகலாம். ஆனால், பெண்பிள்ளைகள் செல்லும் இடம் என்னும் பெயர் ஊரில் பரவிவிடும்.

ஆடத் தெரிந்தவரைத் தேடி அன்பர் மகன் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம்மூர்த் தெருமுனைகளில் சுண்டாட்டப் பலகை இல்லாத இடமுண்டா? இருமுறை உலக வாகையரான மரிய இருதயமும், 2024இல் அமெரிக்காவில் மூன்று பொற்பதக்கம் வென்ற காசிமாவும் சென்னை தந்த ஆட்டக்காரர்களே. கோணம் பார்த்துக் காயைக் குழியில் வீழ்த்தும் கண் அங்கே முன்னரே பழகியிருக்கின்றது. கையில் கோலைக் கொடுப்பதொன்றே குறை. அத்தெருமுனைக் குழுக்களை அழைத்து, முதல் ஒருமணி நேரம் கட்டணமின்றி ஆடவிட்டு, பின்னர்த் தெருவுக்குத் தெரு போட்டி வைத்தால், ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் பின்னே பத்துப்பேர் பார்க்க வருவர்.

பகற்பொழுதைப் பற்றியும் ஒரு சொல். விற்காத கீரை மாலைக்குள் வாடும். ஆடப்படாத மேசையின் ஒருமணி நேரம் அதனினும் விரைந்து வாடும். நூற்பாலையில் இரவு முறைப்பணி முடித்தோர்க்கு முற்பகலில் பாதிக் கட்டணம் என ஆலை வாயிலில் துண்டறிக்கை கொடுப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

கைப்பேசியில் கூகுள் வரைபடத்தில் கூடத்தைப் பதிந்து வைப்பதற்குக் கட்டணமில்லை. திறக்கும் நேரமும் கட்டணமும் படங்களும் அதில் இருக்கட்டும். வாட்சாப் எனும் புலனக் குழுவில் போட்டி முடிவுகளைப் போடலாம். நாள்தோறும் வாழ்த்துப் படம் அனுப்பினால் மட்டும் அனைவரும் வெளியேறிவிடுவர். சாலையோரப் பதாகை வேண்டவே வேண்டா. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் இசைவின்றி வைத்த பதாகை சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் சரக்குந்தின் கீழ் மாண்டார். ஒரு கூடத்தின் பெயரை அறிவிக்க எவர் தலைக்கு மேலும் அத்தகையதைத் தொங்கவிட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் அன்பர்க்கு எழுதினோம். கருந்தாள் கிழிக்கப்பட்டுவிட்டதாம், படிக்கட்டுக்கு விளக்கும் வந்துவிட்டதாம். புதுப்பலகை எழுத வந்தவர், கோற்பந்தில் வருவது வல்லின றகரந்தானா என்று இருமுறை வினவினாராம். அதுவேதான் என்று மறுமடல் விடுத்துள்ளோம்.