மரத்தில் வண்டு, சம்பளத்தில் துண்டா?

முந்தல் தென்னந்தோட்டங்களில் கறுப்பு வண்டு குருத்தைத் துளைத்தால், அந்தக் காயத்தில் செவ்வண்டு முட்டையிடும். புழு உள்ளே குடைந்து கொண்டை சாய்ந்தபின் மரத்தைக் காப்பாற்ற முடியாது. உக்கிய குற்றிகளையும் எருக்குவியல்களையும் அகற்றி, குருத்தைப் பார்த்து வண்டை எடுத்து, காயத்துக்குத் தார் பூசுவதே தடுப்பு.

இவை யாவும் நம் கைவேலை. மரக்கணக்கில் கூலி வாங்குபவர் வண்டு தேடி நின்றால் அன்றைய கூலி குறையும். ஆகவே தோட்ட நிர்வாகங்களைக் கேட்கிறோம்: வண்டு தேடும் நாளுக்கு முழுப்பேர் போடுங்கள். மருந்து வைப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுங்கள். நம் மாவட்டத்திலேயே, லுணுவிலவில், தென்னை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. அதன் அலுவலர்களை அழைத்துத் தமிழில் பயிற்சி கொடுங்கள்.

தோழர்களே, சாயும் மரம் அவர்களுக்கு நட்டம், நமக்கு வேலையிழப்பு.