நூறு ரூபாய் வெட்டு

சட்டசபையில் பட்ஜெட் நடக்கும் நாட்களில் ஒரு வேடிக்கையான வாசகம் அடிபடும். "கல்விக்கான மானியக் கோரிக்கையில் 100 ரூபாய் குறைக்கப்பட வேண்டும்" என்று ஒரு அங்கத்தினர் பிரேரணை கொடுப்பார். கோரிக்கையோ பல ஆயிரம் கோடி. அதில் நூறு ரூபாயைக் குறைத்து யாருக்கு என்ன லாபம் என்று பொதுஜனங்கள் கேட்டால் அதில் தவறில்லை.

ஆனால் அது வெறும் நூறு ரூபாய் அல்ல. "எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை, மந்திரி பதில் சொல்ல வேண்டும்" என்பதற்குச் சபையின் பாஷையில் உள்ள பெயர் அது. வெட்டுப் பிரேரணை என்பார்கள். பார்லிமெண்டில் இது மூன்று தினுசு. ஒரு குறையை எடுத்துக்காட்ட நூறு ரூபாய் வெட்டு. சிக்கனம் தேவை என்று காட்ட ஒரு குறிப்பிட்ட தொகை வெட்டு. கொள்கையே பிடிக்கவில்லை என்றால், கோரிக்கை முழுவதையும் ஒரே ஒரு ரூபாயாக்கச் சொல்லும் வெட்டு.

அரசியல் சட்டத்தின் 113-வது பிரிவு லோக் சபைக்கும், 203-வது பிரிவு ராஜ்ய சட்டசபைகளுக்கும் இந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கின்றன. கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. ஆகவே பள்ளிக்கூடங்களுக்கு இன்னும் அதிகப் பணம் வேண்டும் என்று துடிக்கும் அங்கத்தினர்கூட, "குறையுங்கள்" என்றுதான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது!

இந்தச் சிறிய ஆயுதமும் பல சமயம் உறையை விட்டு வெளியே வருவதில்லை. விவாதத்துக்கு ஒதுக்கிய கடைசி நாள் முடிந்ததும், பாக்கியுள்ள கோரிக்கைகள் எல்லாவற்றையும் சபாநாயகர் ஒன்றாகச் சேர்த்து ஓட்டுக்கு விட்டுவிடுவார். இதற்குக் 'கில்லட்டின்' என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சியில் தலைகளைக் கொய்த யந்திரத்தின் பெயரை யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். 2018 மார்ச்சில் லோக் சபையின் எல்லாக் கோரிக்கைகளும் ஒரு வார்த்தை விவாதமின்றி இப்படி நிறைவேறின. 2023 மார்ச்சிலும் அதே கதை. சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட், இரு தரப்புக் கூச்சலுக்கு நடுவே சில நிமிஷங்களில் முடிந்தது. கல்வி அதில் அடக்கம். தொழிற்பயிற்சியும் அடக்கம்.

கேள்வி கேட்கப்படாவிட்டால் என்ன நஷ்டம்? கல்விக்காக நாம் கொடுத்த வரியின் கதையைப் பார்ப்போம்.

2004-ம் வருஷம் மத்திய சர்க்கார் வரியின் மேல் 2 சதவிகிதம் 'கல்வி செஸ்' விதித்தது. ஆரம்பக் கல்விக்கும் மதிய உணவுக்கும் என்று சொன்னார்கள். ஜனங்கள் முணுமுணுக்கவில்லை. குழந்தை படிப்புக்கு என்றால் யார்தான் முணுமுணுப்பார்கள்? அந்தப் பணத்துக்கென்று தனி நிதியும் மறு வருஷமே ஏற்பட்டது. 2007-ல் உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் என்று இன்னொரு 1 சதவிகிதம் வந்து சேர்ந்தது. பத்தாயிரம் ரூபாய் வருமான வரி கட்டிய குமாஸ்தா, மேற்கொண்டு முந்நூறு ரூபாய் கல்விக்கென்று கட்டினார்.

இந்த இரண்டாவது செஸ்ஸில்தான் விஷயம் இருக்கிறது. வசூல் 2007-ல் ஆரம்பித்தது. அதற்கென்று தனி நிதி ஏற்படுத்த மந்திரி சபை முடிவு செய்தது 2017 ஆகஸ்டில்! பத்து வருஷம் பணம் வந்துகொண்டே இருந்தது; போட்டு வைக்கப் பெட்டி இல்லை. வசூலானது 64 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும், அது எந்தத் திட்டத்துக்குச் சென்றது என்று கணக்கில் காட்டப்படவில்லை என்றும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார்.

பணத்தை யாரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. சர்க்காரின் பொதுக் கஜானாவில் சேர்ந்து செலவாயிற்று. "செஸ் வசூலைவிட அதிகமாகவே கல்விக்குச் செலவழிக்கிறோம்" என்று சர்க்கார் சொல்லலாம். அப்படியானால் அந்தப் பெயரைச் சொல்லி ஏன் வாங்க வேண்டும்? கோயில் திருப்பணிக்கு என்று வசூலித்தவர், "ஊர்ச் செலவோடு சேர்த்துவிட்டேன், ஊரில்தானே கோயிலும் இருக்கிறது" என்று சொன்னால் ஊரார் விடுவார்களா?

நூறு வருஷத்துக்கு முந்தைய சட்டம் இதில் நேர்த்தியாக இருந்தது. 1920-ம் வருஷத்துச் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்கள் கல்வி வரி போட இடம் கொடுத்தது. அதைப் போடுவதற்கான தனி நிதியையும் கூடவே வைத்தது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. வருமான வரியில் ராஜ்யங்களுக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும். செஸ் என்று பெயர் வைத்துவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2007-ல் ராஜ்யங்களின் பங்கு 30.5 சதவிகிதம், பிறகு 42 சதவிகிதம் வரை உயர்ந்தது. பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றை நடத்துகிறவை ராஜ்ய சர்க்கார்கள். கல்வியின் பெயரால் வசூலான பணத்தில், பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்கு உரிமைப் பங்கு கிடையாது! 2018-ல் இந்த மூன்று சதவிகிதம் சுகாதாரத்தையும் சேர்த்துக்கொண்டு நான்கு சதவிகிதமாயிற்று. ஒவ்வொரு வருஷமும் நிதி மசோதா லோக் சபைக்கு வந்துதான் போயிற்று. "பெட்டி எங்கே?" என்று விடாப்பிடியாகக் கேட்டுப் பதில் வாங்கியிருந்தால், அதற்குப் பத்து வருஷம் ஆகியிருக்காது.

கேட்கத் தெரிந்த இடமும் பார்லிமெண்டில் இருக்கிறது. 1993 முதல் இலாகாவாரியாக நிலைக்குழுக்கள் இயங்குகின்றன. பல கட்சியினரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அதிகாரிகளை அழைத்து, கோரிக்கைகளைத் துருவிப் பார்க்கிறார்கள். கூச்சல் இல்லை, காமிராவும் இல்லை. கூச்சல் இல்லாததற்குக் காமிரா இல்லாததுதான் காரணமோ என்னவோ!

நமது ராஜ்யத்துக்கு 2024-25-ல் வர வேண்டிய பள்ளிக் கல்விப் பணம் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது எல்லோரும் அறிந்ததே. வேறொரு திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பது காரணம். 2025 மார்ச்சில் திக்விஜய் சிங் தலைமையில் இருந்த கல்வி நிலைக்குழு, தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகியவற்றின் பணத்தை இப்படி நிறுத்தி வைத்தது நியாயமல்ல என்று அறிக்கை கொடுத்தது. குழு சொன்னால் சர்க்கார் கேட்டே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. அதே வருஷம் மே மாதம் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஆனாலும், மொழிக் கொள்கைச் சண்டையை ஆறாம் வகுப்புப் பையனின் தலையில் இறக்காதே என்று பார்லிமெண்டின் குழுவே எழுதி வைத்தது சிறிய காரியமல்ல.

தொழிற்பயிற்சியிலும் இதே கண் வேண்டும். 2024 பட்ஜெட்டில், ஐந்து வருஷங்களில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பெரிய கம்பெனிகளில் பயிற்சி என்று பறை சாற்றினார்கள். அந்த வருஷத்துக்கு ஒதுக்கியது 2,000 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 380 கோடியாக இளைத்துவிட்டது. பட்ஜெட் தினத்தன்று கொட்டை எழுத்தில் வருவது முதல் தொகை. இரண்டாவது தொகை கணக்குப் புஸ்தகத்தின் ஒரு மூலையில் கிடக்கும். அங்கத்தினர் படிக்க வேண்டியது அந்த மூலையைத்தான்.

நமது சட்டசபைக்கு வருவோம். 2025-26-ல் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கோரிக்கை எண் 43. இவ்வளவு பெரிய தொகையின் மேல் பேச ஒரு அங்கத்தினருக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள். அதில் பாதி, எந்தக் கட்சியானாலும், தலைவருக்கு மாலை சூட்டுவதில் போய்விடுகிறது. கேரளத்தில் 1980 முதல் சட்டசபைக் குழுக்கள் ஒவ்வொரு இலாகாவின் கோரிக்கையையும் தனியே உட்கார்ந்து பரிசீலிக்கின்றன. அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

கேட்பதற்கு விஷயமா இல்லை? 71 தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுப்பிக்க 2,877 கோடி ரூபாய் திட்டம் 2022-ல் வந்தது. புதிய யந்திரங்களைக் கற்றுக்கொடுக்க எத்தனை ஆசிரியர்கள் நியமனமானார்கள்? படித்து வெளியே வந்தவர்களில் எத்தனை பேருக்கு எந்தச் சம்பளத்தில் வேலை கிடைத்தது? பள்ளிக் கட்டிடத்துக்கென்று போன வருஷம் ஒதுக்கியதில் மார்ச் 31-க்குள் செலவானது எவ்வளவு? எந்தக் கட்சிக்காரரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

சபையில் யார் எந்த வெட்டுப் பிரேரணை கொடுத்தார், அதற்கு மந்திரி என்ன சொன்னார் என்பதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகிறது. உங்கள் தொகுதி அங்கத்தினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, 43-வது கோரிக்கையில் அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்காக நூறு ரூபாய் வெட்டக் கேட்டார் என்று விசாரியுங்கள்.